ரோக்ஃபோர்: காற்றை வைத்துப் பிழைக்கும் பிரெஞ்சுக் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோக்ஃபோர் என்றதும் நீல நரம்போடிய செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, ஐந்நூற்றுச் சொச்சம் பேர் அங்கே குடியிருக்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. கோடையில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் அங்கே போய் வந்தேன். திரும்பியதும் உறவினர்களும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

தென் பிரான்சின் அவெய்ரோன் மாவட்டத்தில். மத்தியதரைக் கடலோரத்து மோன்பெலியே நகரிலிருந்து வடமேற்கே காரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முழுப்பெயர் ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன், அதாவது சூல்ஸோன் கரையிலுள்ள ரோக்ஃபோர். சூல்ஸோனை ஆறு என்று சொன்னால் ஆறுகள் கோபித்துக்கொள்ளும். பள்ளத்தாக்கில் ஓடும் ஓடை அது. அந்த ஓடை செர்னோனில் சேர, செர்னோன் தார்ன் ஆற்றில் போய்க் கலக்கிறது.

பக்கத்திலுள்ள பெரிய ஊர் மியோ, சுமார் 25 கிலோமீட்டர். பிரெஞ்சில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி ‘மில்லாவு’ என்று படித்து டிக்கெட் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் விழிப்பார். 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட உயரமான மேம்பாலம் இந்த மியோவுக்கு அருகில்தான் இருக்கிறது. மிக உயர்ந்த இடத்தில் 343 மீட்டர். ஈஃபெல் கோபுரத்தை விட உயரம்.

பார்ப்பதற்கு அழகான ஊரா?

இல்லை. படத்தில் வரும் பிரெஞ்சுக் கிராமத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பூந்தொட்டி தொங்கும் ஜன்னல்கள், நடுவில் நீரூற்று, சுற்றிலும் காபிக் கடைகள் எல்லாம் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. செங்குத்துப் பாறையின் அடியில், சரிவோடு ஒட்டி ஒரு நீளமான தெரு. அதில் நாலைந்து மாடி உயரத்துக்குக் கட்டடங்கள். பாதி வீடு போலவும் பாதி கிடங்கு போலவும் இருக்கின்றன. குளிரூட்டப்பட்ட லாரிகள் பின்பக்கமாக வந்து வாசலில் ஒட்டி நிற்கின்றன. அழகுதான் வேண்டுமென்றால் தெற்கே லார்ஸாக் பீடபூமியில் லா கூவெர்துவராத் என்ற கோட்டைக் கிராமம் இருக்கிறது. டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் ஆண்ட இடம். ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ரோக்ஃபோருக்கு இல்லை.

ஆனால் இந்த ஊரைத் தெருவில் நின்று மதிப்பிடக் கூடாது. கட்டடங்கள் பாறைக்குள் போகின்றன. தெருவில் நான்கு மாடி தெரிகிற இடத்தில் பூமிக்குள் அதைவிட அதிகமான தளங்கள் இருக்கலாம். ஊரின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பாறையில்?

ஊருக்கு மேலே நிற்பது கொம்பாலு என்ற சுண்ணாம்புப்பாறைக் குன்று. உயரம் சுமார் 800 மீட்டர். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் களிமண் அடுக்கு. மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கிக் களிமண்ணை ஊறவைக்க, மேலே இருந்த பாறை பிடிமானம் இழந்து, வடக்குப் பக்கமாகச் சரிந்து நொறுங்கியது. மனிதர்கள் வந்து குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது. சரிந்து குவிந்த பாறைத் துண்டுகளுக்கு இடையே பள்ளங்களும் பிளவுகளும் மிஞ்சின. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம் கொண்ட இந்த இடிபாட்டின் மேல்தான் கிராமம் உட்கார்ந்திருக்கிறது.

பிளவுகளுக்கு உள்ளூரில் ‘ஃப்ளரீன்’ என்று பெயர். குன்றின் மேற்பரப்பிலிருந்து குகை வரைக்கும் இயற்கையே போட்டுக் கொடுத்த காற்றுக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று ஈரப் பாறையைத் தடவிக்கொண்டு போகும்போது குளிர்கிறது, ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும் குகைக்குள் 8 முதல் 12 டிகிரி வரைதான்; ஈரப்பதம் 95 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

ரோக் என்றால் பாறை, ஃபோர் என்றால் வலுவான. பெயரோ வலுத்த பாறை. ஊருக்குச் சோறு போடுவதோ உடைந்த பாறை.

குகைக்குள் போகலாமா? எப்படி இருக்கும்?

போகலாம். சொசியெத்தே, பாப்பியோன் போன்ற நிறுவனங்கள் தங்கள் குகைகளைச் சுற்றிக் காட்டுகின்றன. கோடையானாலும் கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். நான் ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு போய், பாதி விளக்கத்தைப் பல் நடுக்கத்தில் தவறவிட்டேன்.

முதலில் தாக்குவது வாசனை. ஈர மண், பழைய மரம், அதற்கு அடியில் மூக்கைக் குத்தும் அம்மோனியா. விளக்கு வெளிச்சம் மங்கலானது. இரண்டு பக்கமும் ஓக் பலகை அடுக்குகள். அவற்றில் வெள்ளைச் சக்கரங்கள் படுக்காமல் விளிம்பில் நிற்கின்றன, ஒன்றையொன்று தொடாமல். பலகைகள் ஈரத்தில் கறுத்துப் பளபளக்கின்றன. பாறைச் சுவரில் ஓரிடத்தில் அலமாரிக் கதவளவுக்கு ஒரு மரக்கதவு இருந்தது. வழிகாட்டி அதைத் திறந்து கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். இருட்டுக்குள்ளிருந்து யாரோ மெதுவாக, விடாமல் ஊதுவது போல் குளிர்ந்த காற்று விரல்களுக்கு நடுவே ஓடியது. அதுதான் ஃப்ளரீன். குகையைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் ஆள் நாள்தோறும் வெளிக்காற்றின் போக்கைப் பார்த்து இந்தக் கதவுகளைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் சாத்துவார். மின்விசிறியும் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம்.

பாலாடைக்கட்டியை இந்த ஊரில்தான் செய்கிறார்களா?

பாதி வேலை மட்டும். பால் இங்கே கறக்கப்படுவதில்லை, இங்கே உறைக்கப்படுவதும் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பால் பண்ணைகளில் காய்ச்சாத செம்மறிப் பாலை உறையவைத்து, தயிர்க்கட்டியை வெட்டி, அச்சில் வார்த்து, நீர் வடிய விட்டு, உப்புத் தடவுகிறார்கள். சுமார் 12 லிட்டர் பாலுக்கு ஒரு சக்கரம். எடை இரண்டரை கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்குள். பிறகு ஊசிகளால் அதை மேலிருந்து கீழாகக் குத்துகிறார்கள், ஏறக்குறைய நாற்பது துளைகள். பூஞ்சணம் வளரக் காற்று வேண்டும். துளைகள் அதற்கான வழி. வெட்டிய துண்டில் நீலம் நேர்கோடாக இறங்கியிருப்பதைப் பார்த்தால் அது ஊசி போன தடம் என்று அறிக.

அதன் பிறகுதான் சக்கரங்கள் ரோக்ஃபோருக்கு வருகின்றன. குறைந்தது 14 நாட்கள் குகையில் இருக்க வேண்டும். நீலம் போதுமான அளவு ஓடியதும் வெள்ளீயத் தாளில் இறுகச் சுற்றி, குளிர் அறையில் மெதுவாக முதிர விடுகிறார்கள். பால் உறைந்த நாள் முதல் கணக்கிட்டு 90 நாட்களுக்கு முன் விற்கக் கூடாது.

முதிர்ந்ததா என்று பார்க்கும் விதம் எனக்குப் பிடித்தது. உள்ளீடற்ற இரும்புக் கோலைச் சக்கரத்தில் செருகி, திருகி, பென்சில் தடிமனில் ஒரு துண்டை வெளியே இழுப்பார்கள். நிறம் பார்த்து, முகர்ந்து, நுனியில் ஒரு துளி கிள்ளிச் சுவைத்துவிட்டு, மீதியை அதே ஓட்டைக்குள் திருப்பிச் செருகி விரலால் பூசி மெழுகிவிடுவார்கள். அரிசி மூட்டையில் குத்தூசி செருகிப் பார்க்கும் வியாபாரிகளை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த நீலம் என்ன? கெட்டுப்போனது இல்லையா?

பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சணம். ஊரின் பெயரையே சூட்டி 1906-ல் அமெரிக்கப் பூஞ்சையியலர் சார்லஸ் தோம் அதை விவரித்தார். பெனிசிலின் மருந்து கிடைத்தது வேறோர் உறவுக்காரப் பூஞ்சணத்திலிருந்து. ஆகவே இதைத் தின்றால் காய்ச்சல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய முறையில் இதை ரொட்டியில் வளர்ப்பார்கள். கோதுமையிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலும் செய்த பெரிய ரொட்டிகளை வெளியே கருகவும் உள்ளே ஈரமாக இருக்கவும் சுட்டுக் குகையில் வைத்துவிட்டால், சில வாரங்களில் உள்ளே முழுவதும் பச்சை நீலமாகப் பூத்துவிடும். அதைக் காயவைத்துப் பொடித்துச் சிட்டிகை கணக்கில் பாலில் சேர்ப்பார்கள். இன்றும் ரொட்டி சுடும் நிறுவனம் உண்டு. பலர் ஆய்வகத்தில் வளர்த்த திரவத்துக்கு மாறிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஊரில் சொல்லும் கதை இது. ஓர் ஆட்டிடையன் குகை நிழலில் உட்கார்ந்து ரை ரொட்டியும் ஆட்டுத் தயிர்க்கட்டியும் சாப்பிட இருந்தான். தூரத்தில் ஒரு பெண் போவதைப் பார்த்ததும் சோற்று மூட்டையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான். எத்தனையோ நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டி நீலமாகியிருந்தது. பசி, தின்றான், நன்றாக இருந்தது. பெண் கிடைத்தாளா என்பதைப் பற்றிக் கதைக்கு அக்கறை இல்லை.

முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்த வட்டாரத்து மலைப் பாலாடைக்கட்டியைப் புகழ்ந்தார் என்பார்கள். அவர் புகழ்ந்தது பக்கத்து மலைகளின் சரக்கை. ரோக்ஃபோர் என்று எங்கும் சொல்லவில்லை. விளம்பரத் தாள்களில் அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

வேறு ஊர்க்காரர்கள் இந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாதா?

முடியாது. அந்தச் சண்டைக்கு அறுநூறு வயது. குகையில் முதிரவைக்கும் தனியுரிமையை 1411-ல் அரசர் ஆறாம் சார்லஸ் இந்த ஊர் மக்களுக்குக் கொடுத்தார். திராட்சையும் விளையாது, கோதுமையும் விளையாது, இருப்பது பாறை ஒன்றுதான் என்ற ஊருக்கு அது பெரிய வரம். 1666-ல் துலூஸ் உயர் நீதிமன்றம் போலிச் சரக்கை ரோக்ஃபோர் என்று விற்பவர்களுக்குத் தண்டம் விதித்தது. 1925 ஜூலையில் தனிச் சட்டமே வந்தது. பிரான்சில் பிறப்பிடப் பெயருக்குப் பாதுகாப்புப் பெற்ற முதல் பாலாடைக்கட்டி இதுதான். 1961-ல் மியோ நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: செய்முறையை எங்கும் பின்பற்றலாம், ஆனால் கொம்பாலுக் குன்றின் இயற்கைக் குகைகளில் முதிர்ந்தால்தான் ரோக்ஃபோர் என்ற பெயர். 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இந்த விதி பொருந்துகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திண்டுக்கல் பூட்டு என்று நாம் பேசும் புவிசார் குறியீட்டுக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம். ஓர் ஊரின் காற்றைச் சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு வியப்பு. ஏனென்றால் பால் ஆறு மாவட்டங்களிலிருந்து வரலாம். முன்பு கோர்சிகாத் தீவிலிருந்துகூடக் கட்டிகள் கப்பலேறி வந்திருக்கின்றன. இந்த ஊருக்கே உரியது அந்தக் குகைக் காற்று மட்டும்.

குகையில் வேலை செய்தவர்கள் யார்?

பெரும்பாலும் பெண்கள். குகைக்குத் தென் பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானில் ‘கபானா’ என்று பெயர்; அதில் உழைத்தவர்கள் ‘கபானியேர்’ பெண்கள். ஊரின் வரலாற்றை அரசர்களின் பெயரால் சொல்வது எளிது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சரக்கை உலகச் சந்தைக்கு அனுப்பிய கைகள் இவர்களுடையவை.

சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து இளம்பெண்கள் பருவ வேலைக்கு வந்தார்கள். கம்பளித் துணி, மேலங்கி, காலில் மரச் செருப்பு. குகை எந்தப் பருவத்திலும் பத்து டிகிரிதான்; தரை எப்போதும் ஈரம்; கையில் உப்பு. விளக்கு வெளிச்சத்தில் சக்கரங்களுக்கு உப்புத் தேய்ப்பது, புரட்டுவது, மேலே படரும் பூஞ்சணத்தைக் கத்தியால் சுரண்டுவது என்று நாள் போகும். வெள்ளீயத் தாளும் குளிர் அறையும் வருவதற்கு முன் சுரண்டும் வேலை ஓயாது. சுரண்டச் சுரண்ட மறுபடி வளரும். சொல்லப்போனால் குளிரை விட உப்புதான் அவர்களைப் படுத்தியிருக்க வேண்டும். வெடித்த விரலில் உப்புப் படுவது என்னவென்று கருவாட்டுக் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சுரண்டி எடுத்ததையும் வீணாக்கவில்லை. ‘ரெபார்ப்’ என்ற பெயரில் அதைக் குழைத்து ரொட்டியில் தடவித் தின்றார்கள். நல்ல துண்டு பாரிசுக்கு, சுரண்டல் வேலைக்காரர் வீட்டுக்கு. இன்று அதையே சிறு ஜாடியில் அடைத்து விற்கிறார்கள். காரம் நாக்கைப் பிடுங்கும்.

ஆடுகளை எங்கே பார்க்கலாம்?

ஊரில் ஒன்றுகூட இல்லை. மேலே, பீடபூமிகளில். ‘கோஸ்’ என்று சொல்லும் இந்தச் சுண்ணாம்புப் பீடபூமிகளில் மழை பெய்தாலும் நீர் நிற்காது, வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே ஆடுகள் குடிப்பதற்காகக் கல் பாவிய வட்டமான குட்டைகளை வெட்டி வைத்தார்கள். ‘லாவோஞ்’ என்று பெயர். கிண்ணம் போன்ற அந்தக் குட்டைகளின் ஓரத்தில் குளம்புகள் தேய்த்து வழவழப்பான கற்களை இன்றும் பார்க்கலாம். இந்த மேய்ச்சல் நிலப்பரப்பு 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆட்டினம் லக்கோன், வெள்ளை உடம்பு, தொங்கும் காது, தலையிலும் வயிற்றிலும் மயிர் குறைவு. ரோக்ஃபோருக்கு இந்த இனத்தின் பால் மட்டுமே. குட்டிகள் குளிர்காலத்தையொட்டிப் பிறக்கின்றன. ஒரு மாத அளவில் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, கோடை வரை நாளுக்கு இருமுறை கறக்கிறார்கள். கோடை முடிவில் பால் வற்றிவிடும். கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைப்பதற்குக் குளிர் அறைகள்தான் காரணம்.

பிரித்த குட்டிகள் என்ன ஆகும் என்று கேட்டுவிடாதீர்கள் என்று நினைத்தேன், எல்லோரும் கேட்டார்கள். பெரும்பாலானவை இறைச்சிக்குப் போகின்றன. தோல்? அங்கேதான் மியோ நகரம் வருகிறது. குட்டிகளின் மெல்லிய தோலைப் பதனிட்டுக் கையுறை தைக்கும் தொழில் அந்நகரை நூற்றாண்டுகள் வாழவைத்தது. பால் ரோக்ஃபோருக்கு, தோல் மியோவுக்கு. இன்று சில பட்டறைகளே மிஞ்சியிருக்கின்றன.

ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இப்போது அதில் பாதி அளவுதான். வேலை அவ்வளவு குறையவில்லை, குடியிருப்பவர்கள்தான் குறைந்தார்கள். கார் வந்தது ஒரு காரணம். சரிவில், பாறை நிழலில், தோட்டம் போட இடமில்லாத ஊரில் இருப்பதை விடப் பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள சேன்-அஃப்ரிக்கில் வெயில்படும் வீடு கட்டிக்கொண்டு தினமும் வந்து போவது பலருக்குச் சௌகரியம்.

குன்று வடக்குப் பார்த்துச் சரிந்ததால் ஊரும் வடக்குப் பார்த்திருக்கிறது. சீஸுக்கு அது நல்லது. மனிதருக்குக் குளிர்காலத்தில் மதிய வெயில் அரிது. நான் ஜனவரியில் போன நாளில் எதிர்ப்பக்கச் சரிவில் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் கூரை உறைபனி உருகவேயில்லை. காலையில் வேலைக்கு வருபவர்களின் கார்கள், பத்து மணிக்குச் சுற்றுலாப் பயணிகள், பன்னிரண்டு முதல் இரண்டு வரை உணவு இடைவேளை. அந்த இரண்டு மணி நேரம் ஊர் உண்மையிலேயே சாத்திவிடும். மாலை ஆறுக்கு மேல் தெருவில் லாரி ஓசைகூட இல்லை. கோடையில் இது தலைகீழ், நிற்க இடமிருக்காது.

நிர்வாகத்துக்குப் பிரான்சின் எந்தச் சிற்றூருக்கும் உள்ளது போலவே மேயரும் மன்றமும் உண்டு; ஆறாண்டுக்கு ஒருமுறை தேர்தல். பேசுவது பிரெஞ்சு. முதியவர்களிடமும் தெருப் பெயர்களிலும் ஒக்சித்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேறு என்ன சாப்பிடுகிறார்கள்?

பாலாடைக்கட்டி எடுத்த பின் மிஞ்சும் மோர்நீரைச் சுடவைத்தால் திரளும் மென்மையான பொருளில் ‘ஃப்ளோன்’ என்ற இனிப்பு செய்கிறார்கள். மாவுத் தட்டில் அதை நிரப்பி, முட்டை, சர்க்கரை, ஆரஞ்சுப்பூ நீர் சேர்த்துச் சுடுவது. திரட்டுப்பால் பிரியர்களுக்கு உடனே பிடித்துப்போகும். ரோக்ஃபோரைப் பிடிக்காத என் மகள் இதற்காக மட்டும் அந்த ஊரை மன்னித்தாள்.

கதவுகளில் ஆணி அடித்து வைத்திருக்கும் அந்தப் பெரிய காய்ந்த பூ என்ன?

கார்தாபெல். பீடபூமியில் தரையோடு தரையாகப் பூக்கும் முட்செடி. சூரியகாந்தி போல அகலம். காற்றில் ஈரம் கூடினால் இதழ்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும்; பறித்த பிறகும்கூட. ஆகவே வாசலில் வைத்து மழையைக் கணித்தார்கள். கண்ணேறு கழியும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. இப்போது பறிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. பார்த்துவிட்டு வாருங்கள்.

காந்திக்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, ஒரு சீடர் வழியாக. லார்ஸாக் பீடபூமியில் 3,000 ஹெக்டேரில் இருந்த ராணுவ முகாமை 17,000 ஹெக்டேராக்கப் போவதாக 1971-ல் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அறிவித்தார். அங்கிருந்த ஆட்டுப் பண்ணைக்காரர்களில் பலர் ரோக்ஃபோருக்குப் பால் ஊற்றியவர்கள். அப்போது வந்து சேர்ந்தார் லான்ஸா டெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்தவர், 1930-களில் வார்தா சென்று காந்தியுடன் தங்கி, அவரிடமிருந்து சாந்திதாஸ் என்ற பெயர் பெற்றவர். 1972 மார்ச்சில் லார்ஸாக்கில் பதினைந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். அம்மாத இறுதியில் 103 பண்ணைக்காரர்கள் நிலத்தை விற்க மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள்.

அவர்கள் கையாண்ட வழிகள் நமக்குப் பழக்கமானவை: வரி மறுப்பு, நடைப்பயணம், ராணுவச் சேவைப் புத்தகங்களைத் திருப்பி அனுப்புதல். அந்த ஆண்டு அக்டோபரில் அறுபது செம்மறிகளைப் பாரிசுக்கு ஓட்டிப்போய் ஈஃபெல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். பத்தாண்டு இழுத்த பிறகு, 1981-ல் அதிபரான பிரான்சுவா மித்தரான் திட்டத்தைக் கைவிட்டார்.

மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப்போட்டது இவர்கள்தானா?

ஆம், அதுவும் மியோவில்தான். ஹார்மோன் செலுத்திய மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்தது. பதிலுக்கு அமெரிக்கா 1999-ல் ரோக்ஃபோர் உள்ளிட்ட சில ஐரோப்பியப் பொருட்களுக்கு 100 விழுக்காடு இறக்குமதி வரி போட்டது. மாட்டுச் சண்டைக்குச் செம்மறி அடிபட்டது. அந்த ஆகஸ்ட் 12-ம் தேதி லார்ஸாக் ஆட்டுப் பண்ணையாளர் ஜோசே போவேயும் தோழர்களும், கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பட்டப்பகலில் பிரித்தெடுத்துப் பாகங்களை டிராக்டர்களில் ஏற்றிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். போவே சிறைக்குப் போனார். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 2009 ஜனவரியில் வரியை 300 விழுக்காடாக உயர்த்தப் போவதாக அமெரிக்கா அறிவித்தது. சில மாதங்களில் உடன்பாடு ஏற்பட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை.

கடை பிறகு கட்டப்பட்டு நன்றாகவே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சைவர்கள் சாப்பிடலாமா?

பால் பொருள்தானே என்று எண்ணிவிட வேண்டாம். பாலை உறையவைக்கச் சேர்ப்பது இளங்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. கண்டிப்பான சைவர்கள் தவிர்ப்பார்கள். காய்ச்சாத பாலில் ஆனதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்பது பிரெஞ்சு மருத்துவர்களின் அறிவுரை. உப்பும் அதிகம்; ரத்த அழுத்தக்காரர்கள் கவனம்.

மற்றவர்கள் முதல் தடவை தனியாக வாயில் போடாதீர்கள். பேரிக்காய்த் துண்டோ வால்நட்டோ சேர்த்து, நகத்தளவு.

எப்படிப் போவது?

கார் இருந்தால் நல்லது. ரயிலில் போக விரும்பினால் தூர்னெமீர்-ரோக்ஃபோர் என்ற நிலையம் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது; வண்டிகள் மிகக் குறைவு, இறங்கிய பின் ஏற்றமும் உண்டு. நேரம் பார்க்காமல் போய் ஒரு மாலை முழுவதும் காத்துக் கிடந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. அந்தத் தூர்னெமீரில் கைவிடப்பட்ட பழைய ரயில் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அணுக்கழிவைக் களிமண் அடுக்கில் புதைப்பது பாதுகாப்பானதா என்று அதற்குள் ஆய்வு செய்கிறார்கள். மேலே பாறை உடைந்து சீஸ் ஆனது, கீழே களிமண் சோதனைக்கூடம் ஆனது.

வாங்கி வந்ததை எப்படி வைத்திருப்பது?

சுற்றி வந்த தாளிலேயே, அதற்கு மேல் ஒரு டப்பாவில், ஃபிரிட்ஜின் அடித்தட்டில். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் உப்பு மட்டும்தான் தெரியும். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒருநாள் மூடி சரியாகப் படியாமல், மறுநாள் காலை இட்லி மாவை முகர்ந்து பார்த்த அம்மா மாவையும் சீஸையும் சேர்த்தே வெளியே வைத்துவிட்டார்.